புதன்கிழமைச் சட்டம்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், பஞ்சர் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. பள்ளி என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சுவரில் சாலை விதிகளின் படம், வாசலில் இரட்டை பிரேக் வைத்த ஒரு பழைய கார். "கிளட்சை மெதுவா விடு, மெதுவா விடுன்னு சொன்னேன்ல! அது என்ன, உன் எதிரியோட கழுத்தா?" என்று அவள் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஊர் அவளுக்கு வைத்த பெயர் கிளட்ச் அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவள் அரசியலுக்கு வந்ததும் ஒரு சண்டையில்தான். சந்தைக்குப் போகிற சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. பயிற்சி கார் ஒரு குழியில் இறங்கி அச்சு முறிந்த அன்று, பக்கத்துத் தெருவில் ஏதோ கட்டடத் திறப்பு விழாவுக்கு வந்திருந்த அன்றைய சட்டமன்ற உறுப்பினரை நேராகப் போய்ப் பிடித்தாள். மேடைக்குக் கீழே நின்றபடி அவள் கேட்ட கேள்விகளுக்கு அவர் மென்று விழுங்கினார். "இவ்வளவு பேசறீங்களே, நீங்களே நில்லுங்கக்கா" என்று கூட்டத்தில் யாரோ கொளுத்திப்போட, அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டாள்.

எண்ணி முடித்தபோது அவளுக்கும் ஆளுங்கட்சி வேட்பாளருக்கும் சரிசமமான ஓட்டு. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அதே. கடைசியில் இரண்டு பெயர்களையும் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். வந்தது அவள் பெயர். அன்றிலிருந்து பத்திரிகைக்காரர்களுக்கு அவள் 'குலுக்கல் எம்.எல்.ஏ.'

அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. "மத்தவங்களுக்கு ஜனங்க மட்டும்தான் ஓட்டு போட்டாங்க. எனக்கு ஜாடியும் போட்டுச்சு" என்பாள்.

ஆளுங்கட்சியின் பெரும்பான்மையோ நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் அரசு கொறடா அவளைத் தேடி வந்து நலம் விசாரித்தார். வாக்கெடுப்பு நாளில் தன் பக்கத்து உறுப்பினர்களை ஒருவர் விடாமல் சபைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கொறடாவின் வேலை. பருத்த உடம்பு, கனிந்த பேச்சு, யாருக்கும் லேசில் பிடி கொடுக்காத சிரிப்பு. அக்கா சுற்றி வளைக்கவில்லை. சந்தைச் சாலை, பஸ் நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை, வாய்க்கால் மேல் ஒரு பாலம். இந்த மூன்றையும் பட்ஜெட்டில் சேர்த்தால் என் ஓட்டு உங்களுக்கு என்றாள். சபையில் அவள் பேசிய முதல் பேச்சும் இந்த மூன்றைப் பற்றித்தான். சாலை உட்பட மூன்றுக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்று செய்தி வந்த அன்று சந்தைக்காரர்கள் அவளுக்கு மாலை போட்டார்கள்.

வீட்டில் அவளைத் தவிர இரண்டு பேர். அப்பாவும் தங்கையும். கணவர் வெகுநாளைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். அப்பா பஸ் ஓட்டியவர். அக்காவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து படுக்கைதான். பேச்சும் போய்விட்டது. 'பார்த்து, பார்த்து' என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக வரும். சந்தோஷத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான்.

அவரைப் பார்த்துக்கொண்டது தங்கை. அதற்கு முன்னால் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். எதிரே வருகிறவரின் மூக்கில் கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அப்பா விழுந்தபோது கடையில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அந்த லீவு முடியவே இல்லை. வருஷங்கள் ஓடின. கடையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்து, அவளுக்குக் கல்யாணமும் ஆகி, அவளும் போய்விட்டாள்.

மருந்து, மாத்திரை, வீட்டுச் செலவு எல்லாம் அக்காவின் தலையில். ஆகவே அப்பா விஷயத்தில் பாரம் சரிபாதி என்று அவள் மனதார நம்பினாள். காலையில் அப்பாவின் தலையைத் தடவி "வரட்டுமாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புவாள். திரும்பி வரும்போது அவர் துடைத்த முகத்தோடு, வாரிய தலையோடு படுத்திருப்பார். நடுவில் நடப்பது என்ன என்பதை அவள் பார்த்ததில்லை.

பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. காலையில் குளியலறையில் அப்பாவை நாற்காலியிலிருந்து தூக்கும்போது தங்கையின் முதுகில் ஏதோ பிடித்து இழுத்தது. அவரை அலுங்காமல் குலுங்காமல் திரும்ப உட்காரவைத்துவிட்டு, அப்புறம்தான் அவள் தரையில் சாய்ந்தாள். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டது அப்பாதான். "பார்த்து! பார்த்து!" என்று அவர் அலறியதில் அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்த நுரை வாயோடு ஓடிவந்தாள்.

முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். "நான் வேலைக்குப் போகணுமேக்கா" என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனையோ பேருக்கு மலைப்பாதையில் வளைவு திருப்பச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, ஒரு மனிதரைப் படுக்கையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பத் தெரியவில்லை. மருத்துவமனையிலிருந்து தங்கை போனிலேயே வழி சொல்லி அவளை ஓட்டினாள்.

"கையைப் பிடிச்சு இழுக்காதே. தோள் கழண்டுடும். முழங்காலை மடக்கு முதல்ல. மடக்கிட்டியா?"

"மடக்கிட்டேன். அவர் முறைக்கிறாருடி."

"முறைப்பாரு. நீ பேசிக்கிட்டே பண்ணு. என்ன பண்ணப்போறேன்னு முன்னாடியே சொல்லிடணும் அவருக்கு. இப்ப இடுப்புல கை வெச்சு உன் பக்கமா உருட்டு. மெதுவா. மெதுவான்னேன்ல!"

கரண்டியில் கஞ்சி கொடுத்தால் புரையேறியது. கொஞ்சம் கெட்டியாகக் கொடுக்க வேண்டும், தாடையைக் கீழே இறக்கிக்கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரே பக்கமாகப் படுக்கவைத்தால் புண் வரும் என்பதும், துணி மாற்றும்போது அப்பா ஏன் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தன. மகளுக்கு முன்னால் அவருக்குக் கூச்சம். தங்கையிடமும் இப்படித்தான் மூடிக்கொள்வாரா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டாள். ஒருவழியாக எல்லாம் முடித்து நிமிர்ந்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நேரம் வந்திருந்தது. வாசலுக்குப் போய் பால் பாக்கெட்டை எடுத்துவரக்கூட அவரை விட்டு நகர பயமாக இருந்தது. தெரிந்த இடம், தெரியாத இடம் எல்லாவற்றுக்கும் போன் போட்டு ஆள் கேட்டாள். கிடைத்தால் சொல்கிறோம் என்றார்கள்.

பட்ஜெட் மீது வாக்கெடுப்பு நடக்க இருந்த நாளில் கொறடாவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா, போனை எடுக்க மாட்டேங்கறீங்க? மத்தியானம் ஓட்டெடுப்பு. ரெண்டு பேரு அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க. நீங்க வரலேன்னா கணக்கு உதைக்குது. கிளம்புங்க, கிளம்புங்க."

அக்காவின் கையில் ஈரத்துண்டு. தலை கலைந்து கிடந்தது. "எங்கப்பாவை யாரு சார் பாத்துக்கறது?"

"இதென்ன பெரிய விஷயம்? ஒரு நர்ஸை வரவழைச்சாப் போச்சு."

"வரவழைங்க."

கொறடா போனை எடுத்தார். அரசு மருத்துவமனையில், இருக்கிற நர்ஸுகளே பத்தவில்லை என்றார்கள். தனியார் ஏஜென்சிக்காரர் ஒருவர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். கட்சி மகளிர் அணித் தலைவி விஷயத்தைக் கேட்டதும், தனக்கே காய்ச்சல் என்றார். சுகாதாரத்துறை அதிகாரி ஒருவர், அப்படி வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏற்பாடு எதுவும் நம்மிடம் இல்லையே சார் என்று பணிவாகச் சொன்னார். கொறடாவின் நெற்றியில் வியர்வை பூத்தது.

"ஏன் சார்," என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு அரசாங்கமே நிக்குமா விழுமான்னு இருக்கு. அதைக் காப்பாத்தறதுக்கு, ஒரு பெரியவர்கூட அரை நாள் உக்கார்ற ஆள் கிடைக்கலை. என் தங்கச்சி எங்கே போய்ப் பிடிப்பா ஆளை?"

கொறடா போனைக் கீழே இறக்கினார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்தார்.

வாசலில் நின்ற கொறடாவின் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஒரு காலத்தில் அக்காவிடம் பயின்றவன். ரிவர்ஸில் வந்து அவள் பள்ளியின் பெயர்ப்பலகையையே சாய்த்த பெருமை அவனுக்கு உண்டு.

"நான் இருக்கேன்கா. எங்க தாத்தாவை நான்தான் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டேன். எனக்குப் பழக்கம்தான்."

"அப்போ காரை யாரு ஓட்டறது?" என்றார் கொறடா.

அக்கா கையை நீட்டினாள். "சாவியைக் குடு."

கொறடா பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்தார். "பின்னால உக்காந்தா நான் உங்க டிரைவர் ஆயிடுவேன். முன்னால வாங்க சார். பெல்ட்டைப் போடுங்க" என்றாள் அக்கா. அவரும் மறுபேச்சுப் பேசாமல் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் அக்கா பேச்சை எடுத்தாள்.

"சார், அந்த ரோட்டைப் பத்திப் பேசணும்."

"ரோட்டுக்கு நான் பொறுப்பும்மா. நிதியமைச்சர் வாக்கு குடுத்தாச்சு. நீங்க முன்னால பாத்து ஓட்டுங்க."

"முன்னால பாத்துத்தான் ஓட்டறேன். ரோடு போட்டா அதுல போறதுக்கு ஆளுங்க வீட்டைவிட்டு வெளியே வரணுமே சார். அதுக்கு என்ன வழி?"

அவருக்குப் புரியவில்லை. அக்கா சொல்ல ஆரம்பித்தாள். பள்ளி நடத்துகிற இத்தனை காலத்தில், ஆர்வமாக வந்து சேர்ந்து பாதியில் நின்றுபோன பெண்கள் எத்தனையோ பேர். மாமியார் விழுந்துட்டாங்கக்கா, அவருக்கு உடம்பு முடியலைக்கா, கொஞ்ச நாள் கழிச்சு வரேன்கா என்று போனவர்கள் திரும்பி வந்ததே இல்லை. பயந்தாங்கொள்ளிகள், சாக்குச் சொல்கிறார்கள் என்று அவள் அப்போது நினைத்தாள். அந்த முகங்கள் எல்லாம் இந்தச் சில நாட்களாக அவள் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு தெருவிலும் கதவுக்குப் பின்னால் ஒரு கட்டில் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் வெளியே வர முடியாத இன்னொருவர் இருக்கிறார்.

"வாரத்துல ஒரு நாள், பயிற்சி குடுத்த ஒரு ஆளை அரசாங்கம் அனுப்பணும். பாத்துக்கறவங்களுக்கு அன்னைக்கு ஒரு நாள் விடுதலை. இதைச் சட்டமாக் கொண்டுவரணும். பேச்சுக்கு இல்ல சார்."

"இப்ப இதுக்கு நான் சரின்னு சொல்லலேன்னா வண்டியை ஓரமா நிறுத்திடுவீங்களா?"

"சேச்சே. ஓட்டு போடறேன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா சரின்னு சொன்னீங்கன்னா இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டுவேன்."

கொறடா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வழக்கமான சிரிப்பாக இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "எங்கம்மா நாலு வருஷம் படுத்திருந்தாங்க" என்றார். "என் வீட்டுக்காரிதான் பாத்தா. நான் கூட்டம் கூட்டம்னு சுத்திக்கிட்டிருந்தேன்."  அக்கா தூண்டித் துருவாமல் வண்டியின் வேகத்தைக் கூட்டினாள்.

பட்ஜெட் மயிரிழையில் தப்பியது. அக்கா வீடு திரும்பியபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குச் சுத்தமாக முகச்சவரம் ஆகியிருந்தது. டிரைவர் கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் காலத்து பஸ் இன்ஜின்களைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்ல, அப்பா இடக்கையை ஆட்டி "பார்த்து, பார்த்து" என்று திருத்திக்கொண்டிருந்தார். வேறு ஒரு மனிதர் அறைக்குள் வந்ததில் அவர் முகமே தெளிந்திருந்தது. ஆள் வருவதில் அப்பாவுக்கும் லாபம் இருக்கிறது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

தங்கை வீடு வந்து சேர்ந்ததும், அந்தச் சட்டம் வேண்டும் என்று சபையில் பேசப்போகிற பேச்சை அக்கா அவளுக்குப் படித்துக்காட்டினாள். "'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். தன்னையே உருக்கிக்கொண்டு வெளிச்சம் தருகிற மெழுகுவர்த்தி அவள்...'"

"நிறுத்து. யாரு மெழுகுவத்தி?"

"நீதான்டி."

"மெழுகுவத்தி உருகிக் காணாமப் போயிடும். நான் இங்கேதான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். என்னைப் பாவம்னு சபையில சொல்லி ஏலம் போடாதே. நான் பாவம்னு உன்கிட்ட யாரு சொன்னா? அப்பாவைப் பாத்துக்கறது எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. நாள் தவறாம பாக்கறதுதான் பிடிக்கலை."

"அப்ப நான் என்னதான் பேசறது?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். முதுகுக்குக் கட்டிய பட்டை உறுத்தியதோ என்னவோ, நாற்காலியில் நெளிந்து உட்கார்ந்தாள். "எனக்கு இரக்கம் வேண்டாம். புதன்கிழமை வேணும்னு சொல்லு."

"அதென்ன புதன்கிழமை?"

"கண்ணாடிக்கடையில எனக்குப் புதன்கிழமைதான் லீவு."

"அன்னைக்கு என்ன பண்ணுவே?"

"அது உனக்கு எதுக்கு? அரசாங்கத்துக்கு அதுக்கும் கணக்கு சொல்லணுமா? சும்மா உக்காந்திருப்பேன்."

அக்கா பேச்சைக் கிழித்துப்போட்டாள். சபையில் எழுந்து, தங்கை சொன்னதை அப்படியே சொன்னாள். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒரு மூத்த உறுப்பினர் குறுக்கிட்டார். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதற்குக்கூட அரசாங்கம் ஆள் அனுப்ப வேண்டுமா, பாசம் என்று ஒன்று எங்கே போயிற்று என்று கேட்டார்.

"பாசம் எங்கேயும் போகலைங்க. வீட்டுலதான் இருக்கு. அதுக்கு முதுகு வலிக்குது" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அவள் கேட்ட மசோதாவுக்கு எல்லோர் வாயிலும் 'புதன்கிழமைச் சட்டம்' என்றே பெயர். வீட்டுப் பராமரிப்பாளர் துணைச் சட்டம் என்ற அதன் முழுப்பெயர் அச்சில் மட்டும் இருந்தது.

பெயர் வந்துவிட்டது; பணம் வர வேண்டுமே. நிதியமைச்சரிடம் காசு வாங்குவது கல்லில் நார் உரிப்பது என்று ஊரே சொல்லும். அவர் அக்காவை உட்காரவைத்துக் குறுக்குமறுக்காகக் கேள்வி கேட்டார். வருகிற ஆளை யார் கண்காணிப்பது? ஏதாவது காணாமல் போனால்? படுக்கையில் இருப்பவர் வெளியாளை ஏற்காவிட்டால்? தெரிந்ததற்கு அக்கா பதில் சொன்னாள். தெரியாததைக் கேட்டு வருகிறேன் என்றாள். கடைசியில் அமைச்சர் சொன்னார்.

"திட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுசாப் பணம் கிடையாது. உங்க சந்தை ரோட்டுக்கு ஒதுக்கினதை இதுக்கு மாத்தித் தரேன். சில வட்டாரங்கள்ல மட்டும், வாரத்துக்கு அரை நாள். நடத்திக் காட்டுங்க. சம்மதமா?"

 அக்கா நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். வரும் வழியில் சந்தைச் சாலையில் காரை விட்டாள். எந்தக் குழியில் அவள் கார் அச்சு முறிந்ததோ, அது இன்னும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. முட்டை ஏற்றிய வண்டி ஒன்று முன்னால் ஊர்ந்து போனது. ஓட்டுகிறவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கையசைத்தான். இந்தச் சாலைக்காகத்தானே இவர்கள் ஓட்டுப் போட்டார்கள்? மறுநாள் அமைச்சரிடம் பேரம் பேசினாள். சந்தையிலிருந்து மருத்துவமனை வரைக்கும் உள்ள பாதிச் சாலையை மட்டும் இந்த வருஷம் போடுவது, மீதிப் பணம் சட்டத்துக்கு. "அரை ரோடு, அரை நாள்" என்று அமைச்சர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

அடுத்த குத்து எதிர்க்கட்சியிலிருந்து வந்தது. அம்மணி தன் சொந்த வீட்டு வேலைக்கு அரசாங்கச் செலவில் ஆள் வைக்கப் பார்க்கிறார் என்று பேசினார்கள். அக்கா சபையிலேயே எழுந்து, சட்டமன்ற உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவர்கள் வாயை அடைத்தாள். கைதட்டல் கிடைத்தது. வீட்டில் கிடைத்தது வேறு.

"நல்லா இருக்கு உன் நியாயம்! ஊருக்கெல்லாம் புதன்கிழமை, எனக்கு மட்டும் பட்டை நாமமா?"

"கோவப்படாதே. உன் புதன்கிழமைக்கு நான் பொறுப்பு."

"நீ பொறுப்புன்னா பணத்தை நீட்டிட்டு ஓடிடுவே."

"இல்ல. நானே இருப்பேன்" என்றாள் அக்கா.

சந்தைக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, பாதிச் சாலை விஷயத்தை அவளே நேரில் சொன்னாள். வேறு யார் வாய் வழியாகவோ அவர்களுக்குத் தெரிவதை அவள் விரும்பவில்லை. மாலை போட்டவர்கள் வறுத்தெடுத்துவிட்டார்கள். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் வெங்காய மண்டிக்காரர். "ஓட்டு வாங்கும்போது ரோடு, வாங்கினப்புறம் நர்ஸா? என் வண்டியோட டயரை நர்ஸ் வந்து மாத்துவாளா?" என்று அவர் கேட்டதும் கூட்டம் விசிலடித்தது. அக்கா விளக்கம் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. "மீதி ரோட்டை அடுத்த வருஷம் வாங்கித் தராட்டி என்னை நிக்கவெச்சுக் கேளுங்க" என்றாள். "கேப்போம், கேப்போம்" என்று கலைந்து போனார்கள்.

மசோதா நிறைவேறிய அன்று கொறடா தன் ஆட்களை எண்ணிச் சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை. பாசத்தைப் பற்றிக் கேட்ட அந்த எதிர்க்கட்சி மூத்தவர்கூடக் கையைத் தூக்கினார். அதைத் தாக்கல் செய்தது சுகாதார அமைச்சர். பத்திரிகைகளில் வந்ததும் அவர் படம்தான். அக்காவுக்கு அதில் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது உண்மை. ஆனால் சபையை விட்டு வெளியே வரும்போது, பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, நான் பாதியில நின்னவ. மறுபடி வந்து சேரலாமா? அதே காருதான் இருக்கா?" என்று கேட்டாள் அவள். அதன் பிறகு அந்தப் படம் அவள் நினைவுக்கு வரவில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தொடங்கியபோது சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். மருத்துவமனை சார்பில் ஒரு நர்ஸ் வந்தார். வீட்டுக்குள் உள்ள கட்டில், குறுகலான குளியலறை, முரண்டு பிடிக்கும் பெரியவர் இதெல்லாம் அனுபவப்பட்ட ஒருவரும் கூட இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவரே சொன்னார். தங்கை விண்ணப்பித்தாள். அக்காவிடம் சொல்லாமலே விண்ணப்பித்து, வேலை கிடைத்த பிறகுதான் சொன்னாள். வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமைதான் வகுப்பு; சம்பளம் உண்டு.

முதலில் எதுவும் நேராக ஓடவில்லை. வந்த ஆளைப் பார்த்துக் கதவைத் திறக்காத வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில், மனைவியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வெளியே போகமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது வாரம் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். மூன்றாவது வாரம் ஒரு பழைய நண்பரைப் பார்க்கப் போனவர், அந்தி சாய்கிற வரைக்கும் வரவில்லை. பயந்துபோய்த் தேடினால், அங்கே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்.

வெங்காய மண்டிக்காரரும் ஒருநாள் அக்காவைத் தேடி வந்தார். செருமினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு அந்த அரை நாள் ஆள் வேணும். யாரைப் பாக்கணும்?"

அக்கா விவரம் சொன்னாள். போகும்போது அவர் திரும்பி நின்றார். "ரோடு விஷயத்துல என் கோபம் கோபம்தான். அது வேற, இது வேற."

"தெரியும்ணே" என்றாள் அக்கா. "ரோடு வரும்."

வந்தது. ஒரு வருஷம் தாமதமாக, மழைக்காலம் எல்லாம் முடிந்த பிறகு. அதே பட்ஜெட்டில் அரை நாளும் முழு நாளாகி, எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்தது. அடுத்த தேர்தலில் அக்கா ஜாடியின் தயவு இல்லாமலே ஜெயித்தாள். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் எண்ணும்படியான வித்தியாசம்.

இப்போது புதன்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குத்தான் வர வேண்டும். முன்னறையில் அப்பாவின் கட்டில். அதைச் சுற்றி நாற்காலிகள். பட்டா கிடைக்காதவர்கள், குழாயில் தண்ணீர் வராதவர்கள், மாப்பிள்ளைக்கு வேலை கேட்பவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்து குறை சொல்வார்கள். கேட்டுக்கொண்டே அக்கா அப்பாவை உருட்டித் திருப்புவாள். "கொஞ்சம் அந்தத் தலகாணியை எடுங்க" என்று மனு கொண்டுவந்தவரிடமே கேட்பாள். அவர்களும் எடுத்துக் கொடுப்பார்கள். யாராவது கதையை இழுத்தால் அப்பா "பார்த்து, பார்த்து" என்பார். அவர்கள் சட்டென்று விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். கொறடாகூட ஒருமுறை வந்து உட்கார்ந்து, கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தங்கை காலையிலேயே பஸ் பிடித்துப் போய்விடுகிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளேன் என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. "உன்கிட்ட திட்டு வாங்கறதுக்கு பஸ்ஸுலயே போயிடறேன்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவதும் இல்லை. எங்கே போகிறாள் என்று அக்கா கேட்பதில்லை. ஒருநாள் கையில் புதுக் குடையோடு வந்தாள். ஒருநாள் வெறுங்கையோடு, முகம் நிறையச் சிரிப்போடு வந்தாள்.

போன புதன்கிழமை அவள் உள்ளே நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"இந்தத் தடவை வந்திருக்கிற பசங்க இருக்காங்களே, சுத்த மோசம். ஒருத்தன் பொம்மையைத் தூக்கிக் கீழேயே போட்டுட்டான். உயிரோட இருக்கிற மனுஷன்னா என்னடா பண்ணுவேன்னு கத்தினேன் பாரு, பக்கத்து வகுப்புல இருந்து எட்டிப் பாக்கறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுபடி தூக்க வெச்சேன். சாயங்காலத்துக்குள்ள அவன்தான் எல்லாரையும்விட நல்லாத் தூக்கினான்." பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாச் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. நீ கை கால் கழுவிட்டு வா. காபி போடறேன், மிச்சத்தையும் சொல்லு" என்று எழுந்தாள் அக்கா.